மேலவையில் உங்கள் செனட்டர் பட்ஜெட்டைப் பற்றி என்ன பேசினார்? தேடிப் படித்துப் பின்தொடர ஒரு வழிகாட்டி

மலேசியாவில் பட்ஜெட் தாக்கலாகும் அக்டோபர் வெள்ளிக்கிழமை இரவே புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் வாக்குவாதம் தொடங்கிவிடும். இந்தியர்களுக்கு எவ்வளவு, தமிழ்ப்பள்ளிகளுக்கு எவ்வளவு, போன வருடத்தைவிடக் கூடுதலா குறைவா என்று இரண்டு வாரம் ஓடும், பிறகு அடங்கிவிடும். அதே பட்ஜெட் மக்களவையில் விவாதிக்கப்பட்டு, அமைச்சு அமைச்சாக அலசப்பட்டு, பெரும்பாலும் டிசம்பர் தொடக்கத்தில் மேலவைக்கு வரும்போது நம்மில் யாரும் கவனிப்பதில்லை. நம் சமூகத்திலிருந்து நாடாளுமன்றத்துக்குள் போகிற பலர் மேலவை வழியாகத்தான் போகிறார்கள், அவர்கள் அங்கே பேசியது எல்லாம் எழுத்தில் இருக்கிறது, இலவசமாகக் கிடைக்கிறது. ஆனாலும் ஒரு செனட்டர் என்ன செய்தார் என்று கேட்டால் அவர் கலந்துகொண்ட விருந்துகளின் படங்கள்தான் நமக்கு ஞாபகம் வருகின்றன. இது மாற வேண்டும் என்ற அக்கறையில்தான் இதை எழுதுகிறேன். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இருப்பவர்கள், பல்கலைக்கழக மாணவர்கள், இயக்கங்களில் வேலை செய்பவர்கள் யாராக இருந்தாலும் ஒரு சனிக்கிழமை காலை ஒதுக்கினால் போதும்.

முதலில் அவருக்கு என்ன அதிகாரம் உண்டு?

இதைத் தெரிந்துகொள்ளாமல் உரையைப் படித்தால் தவறான இடத்தில் கோபப்படுவீர்கள், தவறான இடத்தில் கைதட்டுவீர்கள்.

மேலவையில், அதாவது டேவான் நெகாராவில், மொத்தம் 70 பேர். 13 மாநிலச் சட்டமன்றங்களும் தலா இருவரைத் தேர்ந்தெடுத்து அனுப்புகின்றன, அது 26. மீதி 44 பேரும் பிரதமரின் ஆலோசனைப்படி மாமன்னரால் நியமிக்கப்படுகிறவர்கள். இதில் கோலாலம்பூருக்கு இருவர், லாபுவானுக்கும் புத்ராஜெயாவுக்கும் ஒவ்வொருவர். 1957இல் நிலைமை வேறு. அப்போது மாநிலங்கள் அனுப்பியவர்கள் 22, நியமிக்கப்பட்டவர்கள் 16. மாநிலங்களின் குரலாக இருக்க வேண்டிய அவையில் இன்று நியமனம் பெற்றவர்களே பெரும்பான்மை. இது மாற வேண்டும் என்பது என் கருத்து. மாநிலத்துக்கு மூவர் என்று கூட்டவும், நேரடித் தேர்தல் வைக்கவும், நியமனத்தைக் குறைக்கவும் அரசியலமைப்பின் 45ஆம் பிரிவே வழி திறந்து வைத்திருக்கிறது.

அதே 45ஆம் பிரிவை இன்னொரு காரணத்துக்காகவும் ஒருமுறை படித்து வையுங்கள். யாரை நியமிக்கலாம் என்று அதில் சொல்லியிருக்கிறது: பொதுச்சேவையில் சிறந்தவர், தொழில், வணிகம், விவசாயம், கலை பண்பாடு, சமூகசேவை போன்றவற்றில் பேர் பெற்றவர், சிறுபான்மை இனத்தவரைப் பிரதிநிதிக்கிறவர், பூர்வகுடி மக்களின் நலனை எடுத்துச் சொல்லக்கூடியவர். உங்கள் செனட்டர் இதில் எந்தத் தகுதியில் உள்ளே போனாரோ, அந்த விஷயத்தைப் பற்றி அவர் பட்ஜெட் விவாதத்தில் பேசினாரா என்று பாருங்கள். மருத்துவர் ஒருவர் சுகாதார அமைச்சின் ஒதுக்கீட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை என்றால் அது கேட்கப்பட வேண்டிய கேள்விதான்.

பதவிக்காலம் மூன்று ஆண்டுகள், ஒருவருக்கு அதிகபட்சம் இரண்டு தவணை. நாடாளுமன்றம் கலைக்கப்பட்டாலும் செனட்டர் பதவி போகாது. மூன்று ஆண்டு என்றால் மூன்று பட்ஜெட், அவ்வளவுதான்.

இப்போது பண விஷயம். வரி, அரசுச் செலவு சம்பந்தப்பட்ட மசோதாக்கள் மக்களவையில்தான் தொடங்க முடியும் என்கிறது 67ஆம் பிரிவு. மேலவைக்கு வந்த பண மசோதாவை ஒரு மாதத்துக்குள் அவர்கள் திருத்தமில்லாமல் நிறைவேற்றாவிட்டால், மக்களவை வேறுவிதமாக முடிவு செய்தாலொழிய, அது நேராக மாமன்னரின் ஒப்புதலுக்குப் போய்விடும். அது 68ஆம் பிரிவு. மற்ற மசோதாக்கள் என்றால் மேலவையால் ஏறக்குறைய ஓர் ஆண்டு தாமதப்படுத்த முடியும், அதை 2018இல் கண்ணால் பார்த்தோம். பொய்ச் செய்தித் தடுப்புச் சட்டத்தை ரத்து செய்யும் மசோதாவை மக்களவை நிறைவேற்றி அனுப்ப, செப்டம்பரில் மேலவை 28க்கு 21 என்ற வாக்கில் தள்ளிவிட்டது. 2019 அக்டோபரில் மக்களவை மறுபடியும் நிறைவேற்ற வேண்டியதாயிற்று. பட்ஜெட்டில் அந்த வேலையெல்லாம் நடக்காது. ஒரு காசைக்கூட ஒரு செனட்டரால் கூட்டவோ குறைக்கவோ முடியாது.

அப்படியானால் அவர் பேசி என்ன பயன் என்று கேட்பீர்கள். பயன் இருக்கிறது. அவர் அவையில் கேள்வி கேட்டால் அமைச்சு பதில் சொல்ல வேண்டும், அந்தப் பதில் அதிகாரப்பூர்வமாகப் பதிவாகும். இன்ன திட்டத்துக்கு இவ்வளவு செலவாகிவிட்டது, இன்ன பள்ளி அடுத்த ஆண்டுப் பட்டியலில் இருக்கிறது என்று ஒரு துணையமைச்சர் அவையில் சொல்லிவிட்டால் அதற்கப்புறம் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் எங்களுக்குத் தெரியாது என்று கையை விரிக்க முடியாது. ஆகவே இந்த வழிகாட்டி முழுக்க நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றுதான்: உரையில் கேள்வி எங்கே இருக்கிறது, அதற்குப் பதில் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். பாராட்டு, வாழ்த்து, கண்டனம் எல்லாவற்றையும் வேகமாகத் தாண்டிப் போகலாம்.

இடையில் ஒன்று. செனட்டர் என்றால் பட்ஜெட்டில் ஓரமாக நிற்கிறவர் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். 2020 முதல் 2022 வரை நிதியமைச்சராக இருந்த தெங்கு சஃப்ருல் அப்துல் அசிஸ் அப்போது மக்களவை உறுப்பினர் அல்ல, செனட்டர். 2021, 2022, 2023 ஆகிய மூன்று ஆண்டு பட்ஜெட்டுகளையும் மக்களவையில் நின்று தாக்கல் செய்தவர் அவர்தான். அமைச்சரவை உறுப்பினர் எந்த அவையிலும் பேசலாம் என்று 61ஆம் பிரிவு இடம் தருகிறது, தான் உறுப்பினராக இல்லாத அவையில் வாக்களிக்கத்தான் முடியாது. அந்த மூன்றாவது பட்ஜெட் 2022 அக்டோபர் 7ஆம் தேதி தாக்கலாகி மூன்றே நாளில் நாடாளுமன்றம் கலைந்தது, புதிய அரசாங்கம் 2023 பிப்ரவரி 24ஆம் தேதி வேறொரு பட்ஜெட்டைக் கொண்டுவந்தது. அதனால் 2023க்கான மேலவை விவாதத்தை டிசம்பரில் தேடினால் கிடைக்காது, 2023ஆம் ஆண்டின் முதல் கூட்டத்தில் தேட வேண்டும்.

ஹன்சார்டை எடுப்பது

நாடாளுமன்றத்தின் இணையத்தளத்துக்குப் போய் டேவான் நெகாரா பகுதியைத் திறந்தால் ஹன்சார்டு, அதாவது அவையில் பேசியதன் அதிகாரப்பூர்வ எழுத்துப் பதிவு (மலாயில் பென்யாதா ரஸ்மி), நாள்வாரியாக பி.டி.எஃப். கோப்பாக இருக்கும். எந்த நாடாளுமன்றம், எந்தத் தவணை, எந்தக் கூட்டம், எந்தத் தேதி என்று நான்கு அடுக்காகப் போக வேண்டும். இப்போதைய 15ஆவது நாடாளுமன்றம் 2022 டிசம்பரில் கூடியது. வழக்கமான ஆண்டில் பட்ஜெட் வருவது அந்த ஆண்டின் கடைசிக் கூட்டத்தில். கோப்பின் பெயரைக் கவனியுங்கள்: டி.என். என்று தொடங்கினால் மேலவை, டி.ஆர். என்றால் மக்களவை. அவசரத்தில் தவறான கோப்பை இறக்கிவிட்டு நம் ஆள் பேசவே இல்லை என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கோப்பின் முதல் பக்கங்களில் பொருளடக்கம் இருக்கும். அதில் ராங் உண்டாங்-உண்டாங் பெர்பெக்காலான் என்று தேடுங்கள், அதுதான் பட்ஜெட் மசோதா. பட்ஜெட் என்ற சொல்லையோ பெலன்ஜாவான் என்ற சொல்லையோ பொருளடக்கத்தில் தேடிக்கொண்டிருந்தால் கண்ணில் படாமல் போகலாம். அடுத்து அன்று வந்தவர்களின் பட்டியல். பெயர் அதில் இருப்பதால் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார் என்று அர்த்தமில்லை, அன்று அவைக்கு வந்தார் என்பது மட்டும்தான். பக்கத்தின் தலையில் இது இன்னும் சரிபார்க்கப்படாத பிரதி என்று மலாயில் அச்சிட்டிருந்தால் எண்களை மேற்கோள் காட்டும் முன் சில நாள் பொறுத்துத் திருத்திய பிரதியைப் பார்ப்பது நல்லது. பேச்சை எழுத்தில் ஏற்றும்போது மில்லியன் பில்லியன் ஆவதற்கு ஒரு எழுத்து போதும்.

பெயரைத் தேடுவதில் ஒரு சிரமம் இருக்கிறது. மக்களவை ஹன்சார்டில் உறுப்பினர் பெயருக்குப் பக்கத்தில் தொகுதிப் பெயர் இருக்கும், அதை வைத்துச் சுலபமாகத் தேடலாம். செனட்டருக்குத் தொகுதி கிடையாது, பெயர் மட்டும்தான். நம் பெயர்கள் ஹன்சார்டில் வருகிற விதம் ஒரே மாதிரி இருப்பதில்லை. தகப்பனார் பெயருக்கு முன் அனாக் லெலாக்கி என்பதன் சுருக்கம் சில இடங்களில் வரும், சில இடங்களில் வராது. முதலெழுத்து முன்னால் போகும், பின்னால் வரும். நடுவில் டத்தோ பட்டம் கிடைத்திருந்தால் துவான் என்று இருந்தது டத்தோவாக மாறியிருக்கும். அதனால் முழுப் பெயரைத் தட்டச்சு செய்யாமல், பெயரின் நடுவிலிருந்து நான்கைந்து எழுத்தை மட்டும் போட்டுத் தேடுங்கள். தலைமை தாங்குகிறவரின் பெயர் வராது, துவான் யாங் டி-பெர்துவா என்றுதான் வரும். எஸ்.ஏ. விக்னேஸ்வரன் 2016 முதல் 2020 வரை மேலவைத் தலைவராக இருந்தார், அந்தக் காலத்து ஹன்சார்டில் அவர் தலைமை வகித்த பக்கங்களை அவர் பெயரைப் போட்டுத் தேடினால் அகப்படாது.

உரை தொடங்கும் இடத்தில் நேரம் குறிக்கப்பட்டிருக்கும், காலை என்றால் பாகி, மாலை என்றால் பெத்தாங் என்பதன் சுருக்கத்தோடு. அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டால் நாடாளுமன்றத்தின் யூடியூப் பதிவில் அதே இடத்துக்கு ஏறக்குறையப் போய்விடலாம். எழுத்தில் படிப்பது வேகம். ஆனால் ஒரு கேள்வியை அவர் தாளைப் பார்த்து வாசித்தாரா, விஷயம் தெரிந்து கேட்டாரா என்பது குரலில்தான் தெரியும்.

உரையைப் படிக்கும் விதம்

முதல் பக்கம் பெரும்பாலும் மரியாதைகளிலேயே போகும். தலைவருக்கு நன்றி, சலாம், சலாம் செஜாத்ரா, வணக்கம், சிலர் ஒரு பந்துன் (மலாய்ப் பாட்டு), அப்புறம் பிரதமருக்கும் நிதியமைச்சருக்கும் வாழ்த்து. கடைசி வரி, ஆளும் தரப்பாக இருந்தால், சாயா மொஹோன் மென்யோக்கோங் என்று முடியும், ஆதரிக்கிறேன் என்று பொருள். இந்த இரண்டு முனையையும் விட்டுவிட்டு நடுவில் இருப்பதைப் படியுங்கள். தலைவர் ஒதுக்குகிற நேரம் கொஞ்சம்தான், அதில் வாழ்த்துக்கு எவ்வளவு போனது என்பதே ஒரு தகவல்.

நடுவில் மூன்று விதமான வாக்கியங்கள் இருக்கும். அரசாங்கம் இதைச் செய்ததற்கு நன்றி என்பது ஒன்று, அரசாங்கம் இதைச் செய்ய வேண்டும் என்பது இன்னொன்று, அமைச்சு இதற்கு விளக்கம் தர வேண்டும் என்பது மூன்றாவது. இந்த மூன்றாவதைத்தான் வண்ணம் தீட்டி வையுங்கள். மலாயில் பெரும்பாலும் சாயா இங்கின் பெர்தான்யா என்றோ மொஹோன் பென்ஜெலாசான் என்றோ தொடங்கும்.

எல்லாக் கேள்வியும் ஒரே எடை அல்ல. தமிழ்ப்பள்ளிகளுக்கு இன்னும் கூடுதல் நிதி தேவை, அமைச்சு என்ன சொல்கிறது என்று ஒருவர் கேட்டால், அமைச்சு எப்போதும் கவனம் செலுத்தி வருகிறது என்று பதில் வரும், இரண்டும் ஹன்சார்டில் ஏறும், யாருக்கும் ஒரு பயனும் இருக்காது. கடந்த ஆண்டு ஒதுக்கியதில் அக்டோபர் முடிய எவ்வளவு செலவானது, எந்த மாநிலத்தில் எத்தனை பள்ளிக்குப் போனது, டெண்டர் விடாமல் நிற்கும் வேலைகள் எவை என்று கேட்டால் அதற்கு எண்ணோடுதான் பதில் வர வேண்டும். அந்த ஆண்டுச் செலவுக்கென ஒதுக்கிய பணம் செலவாகாவிட்டால் ஆண்டு முடிவில் கருவூலத்துக்கே திரும்பிவிடும் என்பதால், டிசம்பரில் மேலவை கூடும்போது இந்தக் கேள்விக்கு ஓர் அவசரமும் இருக்கிறது. மக்களவையில் நவம்பரில் கேட்டபோது வராத கணக்கு டிசம்பரில் வர வாய்ப்புண்டு, ஏனென்றால் ஆண்டு ஏறக்குறைய முடிந்துவிட்டது. மேலவை கடைசியில் பேசுவதை ஒரு குறையாகவே சொல்கிறார்கள், செலவைப் பற்றிக் கேட்கிறவருக்கு அதுவே நல்ல நேரம் என்று நான் நினைக்கிறேன்.

அடைப்புக்குறிக்குள் வரும் குறிப்புகளையும் விடாதீர்கள். தெப்போக் என்றால் மேசை தட்டினார்கள், கெதாவா என்றால் சிரித்தார்கள். ஆங்கிலச் சொற்றொடர் வந்த இடமெல்லாம் டெங்கான் இசின், அதாவது அனுமதியோடு, என்று சேர்த்துச் சொல்வார்கள், அவையின் மொழி மலாய் என்பதால். மொஹோன் லாலுவான் என்று இன்னொரு உறுப்பினர் குறுக்கிட அனுமதி கேட்கும் இடங்களில் கொஞ்சம் நின்று படியுங்கள். உங்கள் செனட்டர் வேறொருவர் உரையில் இப்படிக் குறுக்கிட்டுக் கேட்டிருக்கலாம். தன் உரைக்கு மட்டும் வந்துவிட்டுப் போகிறவரையும், நாள் முழுக்க உட்கார்ந்து மற்றவர் பேச்சில் பிடித்துக் கேட்கிறவரையும் வித்தியாசம் காட்டுவது இந்த இடங்கள்தான். அதனால் பெயரைத் தேடும்போது முதல் முடிவோடு நிறுத்தாமல் கோப்பின் கடைசி வரை போங்கள்.

எண்களைச் சரிபார்ப்பது

உரையில் ஒரு தொகை வந்தால் அதை நிதி அமைச்சின் தளத்தில் உள்ள அங்காரான் பெர்பெலன்ஜாவான் பெர்செக்குத்துவான் என்ற செலவின மதிப்பீட்டுப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். தடித்த புத்தகம், பயப்பட வேண்டாம். ஒவ்வோர் அமைச்சுக்கும் இரண்டு பகுதி: பி என்று தொடங்குவது பெக்காலான், சம்பளம், பராமரிப்பு போன்ற நடப்புச் செலவு. இன்னொரு பி, அதாவது பெம்பாங்குனானுக்குரியது, கட்டடம், சாலை போன்ற மேம்பாட்டுச் செலவு. மலாய் எழுத்தில் இரண்டும் வேறு வேறு, தமிழில்தான் ஒன்றுபோல் தெரிகிறது. பள்ளிக் கட்டடத்தைப் பற்றிய கேள்விக்கு நடப்புச் செலவுப் பக்கத்தைக் காட்டிப் பதில் சொன்னால் அது பதிலாகாது.

இலாகா மாறுகிற திட்டங்களில் எச்சரிக்கை வேண்டும். இந்தியச் சமூக மேம்பாட்டுக்கான அரசுப் பிரிவான மித்ரா இதற்கு நல்ல உதாரணம். அது பிரதமர் துறையில் இருந்திருக்கிறது, ஒருமைப்பாட்டு அமைச்சில் இருந்திருக்கிறது, திரும்ப மாறியும் இருக்கிறது. ஓர் ஆண்டு புத்தகத்தில் ஓர் அமைச்சின் கீழ் தேடிவிட்டு ஒதுக்கீடே இல்லை என்று கொதிப்பதற்கு முன் இன்னொரு அமைச்சின் பக்கத்தையும் புரட்டுங்கள். அதே போல் யார் பதில் சொல்ல வேண்டியவர் என்பதும் மாறும்.

இங்கே ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2025 பட்ஜெட்டின் மொத்தத் தொகை 421 பில்லியன் வெள்ளி (ரிங்கிட்), நடப்புச் செலவு 335 பில்லியன், மேம்பாட்டுச் செலவு 86 பில்லியன். மித்ராவுக்கு 100 மில்லியன். கணக்குப் போட்டால் அரசாங்கம் செலவழிக்கும் ஒவ்வொரு 10,000 வெள்ளியிலும் 2 வெள்ளி 40 சென்கூட இல்லை. நம் செனட்டர்களில் பலரும், நாமும்தான், ஆண்டுதோறும் இந்த இரண்டு வெள்ளியைச் சுற்றியே பேசுகிறோம். அதே பட்ஜெட்டில் கல்வி அமைச்சுக்கு 64.1 பில்லியன், சுகாதார அமைச்சுக்கு 45.3 பில்லியன். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களின் சம்பளம், நம் பிள்ளைகள் படிக்கும் இடைநிலைப்பள்ளிகள், பி40 எனப்படும் குறைந்த வருமானக் குடும்பங்கள் போகும் கிளினிக்குகள், மருத்துவமனைகள் எல்லாம் அந்தப் பெரிய தொகைக்குள் இருக்கின்றன. மித்ராவைப் பற்றிக் கேட்பது அவசியம், அதை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் ஒரு செனட்டரின் உரை முழுவதும் மித்ராவிலேயே தொடங்கி மித்ராவிலேயே முடிந்தால், அவர் 421 பில்லியனில் நமக்கு உரிமையுள்ள மற்றதையெல்லாம் கேட்காமல் விட்டுவிட்டார் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். கல்வி அமைச்சின் ஒதுக்கீட்டுக்குள் போய், தோட்டப்புறத்துத் தமிழ்ப்பள்ளியின் நிலப் பிரச்சினை தீராததால் கட்டட நிதி எப்படி நின்றுபோகிறது என்று ஒருவர் கேட்டிருந்தால், அந்தப் பக்கத்தை அச்செடுத்து வையுங்கள்.

கூடுதல் நிதி கேட்கும் உரைகளை மதிப்பிட இன்னொரு சட்டத்தையும் தெரிந்துகொள்வது உதவும். 2023இல் நிறைவேறிய பொது நிதி, நிதிப் பொறுப்புடைமைச் சட்டம் கூட்டரசு அரசாங்கத்துக்குச் சில எல்லைகளை வைத்திருக்கிறது. கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 60 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, பற்றாக்குறை 3 விழுக்காட்டுக்குள் வர வேண்டும், மேம்பாட்டுச் செலவு 3 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. எல்லாவற்றுக்கும் பணம் கொடுங்கள் என்று அடுக்கிக்கொண்டே போகிற உரையைவிட, எந்தச் செலவைக் குறைத்து இதற்குத் தரலாம் என்று ஒரு வரியாவது சொல்கிற உரைக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

பதில் எங்கே போயிற்று?

பெரும்பாலானவர்கள் உரையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். செனட்டர் பேசிய காணொளியை முகநூலில் பார்த்துவிட்டுக் கேட்டுவிட்டார் என்று திருப்திப்பட்டுவிடுகிறோம். பதில் அன்றைக்கே வராது. உறுப்பினர்கள் எல்லாரும் பேசி முடித்தபின் அமைச்சர்களும் துணையமைச்சர்களும் வரிசையாக வந்து தொகுப்புரை நிகழ்த்துவார்கள், மலாயில் பெங்குலுங்கான். அது வேறு தேதியின் கோப்பில் இருக்கும். அந்தக் கோப்புகளைத் திறந்து, உங்கள் செனட்டரின் பெயரை மறுபடி தேடுங்கள். பதில் சொல்கிற அமைச்சர் யார் எழுப்பிய விஷயம் என்று பெயர் சொல்லித்தான் வழக்கமாகத் தொடங்குவார்.

அங்கே நடப்பது நான்கில் ஒன்றாக இருக்கும். எண்ணோடு நேர்ப் பதில் வந்திருக்கும், நல்லது. கேட்டது ஒன்று, சொன்னது ஒன்றாக இருக்கும். எழுத்துமூலம் பதில் தருகிறேன் என்று சொல்லியிருப்பார். அல்லது அந்தக் கேள்வி தொடப்படாமலே போயிருக்கும். இரண்டாவதும் நான்காவதும் வந்தால், உங்கள் செனட்டர் எழுந்து மறுபடி கேட்டாரா என்று அடுத்த சில வரிகளைப் பாருங்கள். ஒரு செனட்டரை மதிப்பிட நான் முதலில் புரட்டுவது இந்தப் பக்கத்தைத்தான். விவாதத்தில் கேள்வி கேட்கச் செயலாளர் எழுதிக் கொடுத்த தாள் போதும், பதில் சரியில்லை என்று உடனே எழுந்து நிற்க விஷயம் தெரிந்திருக்க வேண்டும், அவையிலும் இருக்க வேண்டும்.

எழுத்துமூலப் பதில் என்றால் அது செனட்டரின் கைக்குப் போகும், அந்த நாளின் ஹன்சார்டில் தேடிப் பயனில்லை. நேராக அவருடைய அலுவலகத்துக்கு எழுதி, இன்ன தேதி, இன்ன பக்கத்தில் அமைச்சு வாக்களித்த பதில் வந்துவிட்டதா, நகல் கிடைக்குமா என்று கேளுங்கள். பக்க எண் போட்டுக் கேட்கிற கடிதத்துக்கு மரியாதை வேறு. பதில் இன்னும் வரவில்லை என்றால் அவர் அமைச்சை நெருக்கவும் உங்கள் கடிதம் ஒரு காரணமாகும்.

தொகுப்புரைக்குப் பிறகு குழு நிலை, மூன்றாம் வாசிப்பு என்று சில பக்கங்கள் சடங்காக ஓடும். அதில் படிக்க ஒன்றுமில்லை.

பட்ஜெட்டுக்கு வெளியே

டிசம்பரில் பேசியது மட்டும் போதாது. ஆண்டின் தொடக்கத்தில் மாமன்னர் நாடாளுமன்றத்தைத் திறந்துவைத்து ஆற்றும் அரச உரைக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானத்தின்மீது இரு அவைகளிலும் விவாதம் நடக்கும். நாட்டின் பொதுக் கொள்கை எதைப் பற்றியும் பேச அங்கே இடம் உண்டு. ஐந்தாண்டுத் திட்டம் இன்னும் முக்கியம். 13ஆவது மலேசியத் திட்டம் 2025 ஜூலை 31ஆம் தேதி மக்களவையில் தாக்கலானது, 2026 முதல் 2030 வரைக்கும் மொத்தம் 611 பில்லியன் வெள்ளி முதலீடு என்று அறிவித்தார்கள். அதில் இடம்பெறாத ஒன்றை ஆண்டு பட்ஜெட்டில் கொண்டுவருவது கடினம். ஆகவே ஒரு செனட்டர் அந்த விவாதத்தில் எதைக் கேட்டார், பிறகு வந்த பட்ஜெட் விவாதத்தில் அதையே தொடர்ந்தாரா என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு வருடம் வெள்ளப்பெருக்கு, அடுத்த வருடம் மின்னியல் வாகனம், அதற்கடுத்த வருடம் வேறொன்று என்று தாவிக்கொண்டே இருந்தால் மூன்று ஆண்டில் எதுவும் நகராது.

இதற்கு ஒரு சாதாரண எக்செல் தாள் போதும். தேதி, எந்த விவாதம், ஹன்சார்டு பக்கம், கேட்ட கேள்வி ஒரு வரியில், எந்த அமைச்சு, பதில் பக்கம், பதிலில் எண் இருந்ததா, அடுத்த ஆண்டு மறுபடி எழுப்பினாரா. கேள்வி நேரத்தில் அவர் கேட்ட வாய்மொழிக் கேள்விகளையும் இதிலேயே சேர்த்துவிடுங்கள். பொதுக் கணக்குக் குழு மக்களவையின் குழு என்பதால் அங்கே செனட்டரைத் தேட வேண்டாம். ஆனால் தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கையை மேற்கோள் காட்டி அவர் கேள்வி எழுப்பலாம், எழுப்பியிருந்தால் அதற்குத் தனியாக ஒரு குறி போடுங்கள், ஏனென்றால் அது வீட்டுப்பாடம் செய்தவர் கேட்கிற கேள்வி.

உங்கள் விஷயம் அங்கே போக வேண்டுமென்றால்

செனட்டருக்குத் தகவல் எங்கிருந்து வரும்? நம்மைப் போன்றவர்கள் கொடுத்தால்தான் வரும். பட்ஜெட் மறுநாளே அவர் கையில் மனு கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதால் காரியம் நடப்பதில்லை. மக்களவையில் குழு நிலை விவாதம் ஓடிக்கொண்டிருக்கும் நவம்பர் நடுவில் அனுப்புங்கள், அப்போதுதான் அவர் உரை தயாராகும். ஒரே பக்கம், மலாயில். தமிழில் எழுதிக் கொடுத்தால் மொழிபெயர்க்க ஆள் தேட வேண்டும், அதிலேயே கிடப்பில் போய்விடும்.

அந்த ஒரு பக்கத்தில் வரலாறு எழுத வேண்டாம். பள்ளியின் பெயர், மாவட்டம், எந்த ஆண்டு எந்த அறிவிப்பில் எவ்வளவு தருவதாகச் சொன்னார்கள், இன்றுவரை கைக்கு வந்தது எவ்வளவு, கடைசியாக வந்த கடிதத்தின் தேதியும் கோப்பு எண்ணும், இவ்வளவு போதும். கீழே, அரை நிமிடத்தில் வாசித்துவிடக்கூடிய ஒரே ஒரு கேள்வி. ஐந்து கேள்வி கொடுத்தால் அமைச்சு சுலபமானதற்குப் பதில் சொல்லிவிட்டுப் போய்விடும். நீங்கள் கொடுக்கும் எண் தவறாக இருந்து அதை அவர் அவையில் சொல்லிவிட்டால் அடுத்த முறை உங்கள் கடிதத்தைத் தொடமாட்டார், ஆகவே ஒவ்வொரு தொகைக்கும் ஆவணத்தின் நகலை இணைத்துவிடுங்கள். உங்கள் மாநிலச் சட்டமன்றம் அனுப்பிய இருவருக்கும் ஒரு நகல் போகட்டும், அவர்கள் நம்மவரா இல்லையா என்று பார்க்க வேண்டாம். ஒரு சீனச் செனட்டரோ மலாய்ச் செனட்டரோ தமிழ்ப்பள்ளியைப் பற்றிக் கேட்டால் அமைச்சு இன்னும் நிமிர்ந்து உட்காரும்.

கேள்வி அவையில் ஏறி, பதிலும் வந்துவிட்டால், இரண்டு பக்கத்தையும் அச்செடுத்து, உங்கள் கடிதத்தோடு சேர்த்து மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கும் மாநிலக் கல்வி இலாகாவுக்கும் ஜனவரி முதல் வாரத்திலேயே நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். செனட்டருக்கு ஒரு நன்றிக் கடிதமும், அதன் கீழே, மார்ச்சுக்குள் பணம் வராவிட்டால் அரச உரை விவாதத்தில் இதே கேள்வியை மறுபடி எழுப்ப முடியுமா என்ற வேண்டுகோளும் அன்றே போகட்டும்.